சாராளின் இடப்பக்கம்

மில்லை விட்டு வெளியே போகிற பெண்களைச் சோதனை போட, கேட்டுக்குப் பக்கத்தில் தட்டி மறைத்த ஒரு அறை இருந்தது. எல்லம்மா என்ற காவல்காரி அங்கே உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கையைத் தூக்கி நிற்க வேண்டும். இடுப்பு, புடவைக் கொசுவம், சாப்பாட்டுத் தூக்கு, இவற்றைத்தான் அவள் தொட்டுப் பார்ப்பாள். எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் நூல் கண்டுகள் அடிக்கடி காணாமல் போயின. இனி ஜாக்கெட்டையும் தடவிப் பார்க்க வேண்டும் என்று எல்லம்மாவுக்கு உத்தரவு வந்தது.

சாராளுக்கு அது தெரியாது. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே இருந்த அந்த நூல் மில்லில் அவள் நாலு வருஷமாக நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். அன்றும் வழக்கம்போல் கையைத் தூக்கினாள். எல்லம்மாவின் கை இடப்பக்கம் போய் நின்றது.

"இன்னாடி இது? பொதபொதன்னு இருக்குது?"

"ஒன்னியும் இல்லக்கா. உடுங்க."

எல்லம்மா விடவில்லை. ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு இழுத்தாள். துணியில் சுற்றிய பஞ்சு உருண்டை வெளியே வந்தது. மில்லின் கழிவுப் பஞ்சு.

"சார்! சிக்கிக்கினா சார்! பஞ்சத் திருடிக்கினு போறா!"

மேஸ்திரி ராஜமாணிக்கம் தட்டிக்கு வெளியே வந்து நின்றார். "இன்னும் இன்னா வச்சிருக்கான்னு பாரு" என்றார். சாராள் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டாள். எல்லம்மா கையை விலக்கி ஊக்குகளைப் பிரித்தாள். பிரித்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, நல்லது செய்வதாக நினைத்தோ என்னவோ, வெளியே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"ஐயையோ, பாவம் சார். திருடறதுக்கு இல்ல சார். இவளுக்கு ஒரு பக்கம் மாரே இல்ல சார்."

தட்டிக்கு வெளியே முப்பது பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை.

மூன்று வருஷமாக சாராள் காத்து வைத்த ரகசியம் அது. மகள் ரூத் பிறந்த பதினெட்டாம் நாள் அவளுக்கு இடப்பக்கம் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. காய்ச்சலில் உளறினாள். ஊரில் ஊசி போடுகிற ஒரு ஆள் வந்து மூன்று இடத்தில் கீறிச் சீழை எடுத்தான். உயிர் பிழைத்தது. புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. ஆறின பிறகு பார்த்தால் இடப்பக்கம் சதையே இல்லை. தோல் சுருங்கி, விலா எலும்போடு ஒட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. குழந்தை இரண்டரை வருஷம் வலப்பக்கத்திலேயே குடித்து வளர்ந்தாள். அந்தப் பக்கம் பெருத்துத் தொங்கிப் போயிற்று. சாராளுக்கு வயது இருபத்தைந்து.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆனாலும் மில் பஞ்சு மில் பஞ்சுதான் என்று எழுதி அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அவள் கணவன் தாவீது அதே மில்லில் பஞ்சு உடைக்கும் பகுதியில் இருந்தான். மறுநாள் யாரோ அவன் சட்டைப் பையில் ஒரு பஞ்சு உருண்டையைச் செருகி வைத்தார்கள். மூன்றாம் நாள் குப்புராஜ் என்பவன், "இன்னா தாவீது, அரைப் பொண்டாட்டி சௌக்கியமா?" என்று கேட்டான். தாவீது அவன் வாயிலேயே குத்தினான். பல் உடைந்தது. தாவீதுக்கும் வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்து பெட்டியில் துணியை அடுக்கினான்.

"எங்கயா போற?"

"சூளூர்பேட்டையில ரைஸ் மில்லுல ஆள் எடுக்கறாங்களாம்."

"என்னிய வுட்டுட்டா?"

"ஊருக்கே தெரிஞ்சி போச்சேடி. தெருவுல நடக்க முடியல. பேஜாராப் போச்சி."

அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தாலாவது பதில் பேசியிருப்பாள். இந்த மூன்று வருஷத்தில் அவன் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, பார்த்ததும் இல்லை. அதைத் தன்மேல் வைத்த இரக்கம் என்று சாராள் இதுவரை நினைத்திருந்தாள்.

அவன் போன பிறகு அவள் வெளியே வருவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் ரூத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் நடந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வடக்கிலிருந்து ஒரு கூட்ஸ் வந்தது. குழந்தை காலில் கட்டெறும்பு கடித்து வீறிட்டது. எறும்பைத் தட்டிவிட்டு, கடித்த இடத்தில் எச்சில் தடவி, அழுகையைச் சமாதானப்படுத்துவதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அவள் அங்கேயே ஜல்லிக் கல்லின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த வாரம் குடும்பக்கட்டுப்பாடு நர்ஸ் ஞானம்மா வீடு வீடாக வந்தாள். சாராள் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். திறந்த பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஞானம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஒரு வார்டு கீது. நெருப்புல வெந்தவங்க, உதடு பிளந்த கொழந்தைங்க, எல்லாருக்கும் சரி பண்றாங்க. கமலவல்லின்னு ஒரு டாக்டரம்மா, திருவள்ளூர்க்காரங்க. நம்ம கிட்ட நல்லா பேசுவாங்க. போய்ப் பாரு."

டாக்டர் கமலவல்லிக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, மூக்கில் வைரம், குரலில் அவசரமே இல்லை. திரைக்குப் பின்னால் சாராளைப் படுக்க வைத்து, தழும்பை விரலால் நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. நாடாவால் அளந்து காகிதத்தில் இரண்டு படம் போட்டாள்.

"ரெண்டு வழி இருக்கு. நீதான் சொல்லணும். முதல் வழி, இந்த இடது பக்கம் தோலுக்கு அடியில ஒரு பை வைக்கிறது. சிலிகோன்னு ஒரு பொருள். உள்ள கூழ் மாதிரி இருக்கும். வெளிநாட்டுலேர்ந்து வந்தது, எங்ககிட்ட கொஞ்சம்தான் இருக்கு. அதை வச்சா இந்தப் பக்கம் மேடாயிடும்."

"பழைய மாதிரி ஆயிடுமா டாக்டரம்மா?"

"ஆகாது. மேடா இருக்கும், அவ்வளவுதான். வலது பக்கம் தொங்கறது தொங்கிண்டுதான் இருக்கும். இன்னொண்ணு, உன் தோல் ரொம்ப மெல்லிசு. எல்லாம் தழும்பு. பையைத் தாங்குமான்னு எனக்குச் சந்தேகம். தாங்கலேன்னா தோலைப் பிச்சுண்டு வெளியில வந்துடும்."

"இன்னொரு வழி?"

"வலது பக்கத்தைக் கொஞ்சம் குறைச்சு, மேல தூக்கித் தைக்கிறது. இடது பக்கம் எலும்போட ஒட்டிண்டு இருக்கறதை விடுவிச்சு, காம்பை வெளியில கொண்டு வரது. ரெண்டும் சின்னதா இருக்கும். ஆனா ஏறக்குறைய ஒரே உயரத்துல இருக்கும். இது நாங்க அடிக்கடி பண்றது, எனக்குப் பயமில்லை. தழும்பு இருக்கும். அடுத்த குழந்தை பொறந்தா பால் இருக்குமான்னு சொல்ல முடியாது. உணர்ச்சியும் குறையலாம்."

சாராள் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் இரண்டு மேடு, ஒன்று மேலே, ஒன்று கீழே. இன்னொன்றில் இரண்டு சின்ன வளைவு.

"நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

"ரெண்டாவதைப் பண்ணிப்பேன்" என்றாள் டாக்டர் உடனே. "ஆனா உடம்பு உன்னுது. அப்புறம், புருஷன் கையெழுத்து இல்லாம இங்க ஆபரேஷன் பண்ண மாட்டா. இந்தப் பாரத்துல அதை வாங்கிண்டு வா."

இரண்டு நாள் கழித்து ரூத்தைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சாராள் வடக்கே போகிற பாசஞ்சரில் ஏறினாள். சூளூர்பேட்டை ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தான் தாவீது. கணுக்கால் வரை நெல் ஆவி. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். மடித்து வைத்திருந்த படத்தையும் காட்டினாள்.

தாவீது அதைக் கையில் வாங்காமலேயே பார்த்தான்.

"இருக்கறதையும் அறுத்துக்கினு வரப் போறியா?"

"டாக்டரம்மா அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க. பை வச்சா தோலு தாங்காதாம்."

"தாங்கும், தாங்கும். வெளிநாட்டு சாமான்றியே. பெருசா இருந்தாத்தான் ஜாக்கெட்டுக்கு மேல தெரியும். அப்பத்தான் அவனுங்க வாய மூடுவானுங்க."

"உனக்கு?"

"எனக்கு இன்னா?"

"உனக்கு எப்படி இருக்கணும்?"

அவன் காலில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டினான். "எல்லாருக்கும் இருக்கிற மாதிரி இருந்தாப் போதும்" என்றான். பிறகு பாரத்தில் கையெழுத்துப் போட்டான். "பை வச்சிக்கினு வா. நான் ஊட்டுக்கு வந்துட்றேன்."

திரும்பி வரும் ரயிலில் சாராள் யோசிக்கவே இல்லை. யோசித்தால் டாக்டர் சொன்னது பக்கம் மனசு சாயும் என்று பயம். அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கமலவல்லி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் "பைதான் வேணும்" என்றாள் சாராள். மூன்றாம் முறை டாக்டர் கேட்கவில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. பத்தாம் நாள் கட்டைக் குறைத்தார்கள். வார்டுக் குளியலறையில் ரசம் போன ஒரு கண்ணாடி இருந்தது. சாராள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, புடவையை மேலே சுற்றி, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். மேடு இருந்தது. தொட்டால் இறுகலாக, சற்றுக் குளிர்ச்சியாக, வேறு யாருடையதோ போல. ஆனால் இருந்தது. வெளியே ஆள் தட்டுகிற வரை அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

தாவீது சொன்னபடி வந்தான். புதிதாக வந்த ஒரு இரும்பு வார்ப்படப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை அவளையும் குழந்தையையும் கோயிலுக்குக் கூட்டிப்போனான். வழக்கமாகப் பத்தடி முன்னால் நடக்கிறவன் அன்று பக்கத்திலேயே நடந்தான். மில் ஆட்கள் நாலைந்து பேர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தானையைச் சரியாகப் போட்டுக்கொள்ளும்படி அவன் சாராளிடம் சொல்லவில்லை; அவர்கள் பார்க்கட்டும் என்று விட்டான்.

ஆபரேஷன் முடிந்த இருபத்து நாலாம் நாள் தழும்பின் கீழே ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் அது புளியங்கொட்டை அளவு ஆயிற்று. வேட்டித் துணியைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இறுக்கினால் உள்ளேயே நிற்கும் என்று எண்ணம். சாயங்காலம் ஆனால் குளிர் ஜுரம் வந்தது. தாவீது கேட்டபோது தலைவலி என்றாள். அவன் வேலைக்குப் போன பிறகு சுவரைப் பார்த்து மண்டியிட்டு, "ஆண்டவரே, ஒரு மாசம் மட்டும். அவரு மறுபடி போகாத அளவுக்கு ஒரே ஒரு மாசம்" என்று கெஞ்சினாள். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. எட்டாம் நாள் தோல் விரிந்து, நகக்கண் அளவு ஒரு திறப்பில், மீன் கண்போல் ஏதோ பளபளத்தது. அவள் அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, சமையல் கட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை, தாவீது நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. ஜாக்கெட் நனைந்தது. குடம் கீழே விழுந்தது.

"இன்னாடி? இன்னா ஆச்சி?"

"பாக்காதயா! கிட்ட வராத!"

அவன் வந்துவிட்டான். கட்டை அவிழ்த்தான். அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அவன் அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப் போனான். போய்ச் சேரும் வரை ரயிலில் மார்பின்மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. கைக்கடியில் அந்தப் பை பாதி வெளியே வந்திருந்தது.

அன்றே அதை எடுத்தார்கள். உள்ளே சீழ். குழியைக் கழுவி, மூடாமல் திறந்தே விட்டு, மருந்துத் துணியைத் திணித்து வைத்தார்கள். மயக்கம் தெளிந்த சாராள் டாக்டரைப் பார்த்து, "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றாள்.

"நானும் வேண்டாம்னு அழுத்திச் சொல்லியிருக்கணும். பையை வச்சவ நான்தானே" என்றாள் டாக்டர் கமலவல்லி.

தாவீது வாசலில் நின்றிருந்தான். "அவ மேல தப்பு இல்ல டாக்டரம்மா. நான்தான் பை வச்சிக்கச் சொன்னேன்."

டாக்டர் திரும்பி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீயா? சரி. அந்தக் குழாயில கையை நன்னா சோப்புப் போட்டுக் கழுவிண்டு வா."

"எதுக்குங்க?"

"தினமும் கட்டு மாத்தணும். தினமும் அவளால ரயிலேறி வர முடியாது. நீதான் பண்ணப்போறே. வா, சொல்லித் தரேன்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். பழைய துணியை எடுத்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து மறுபடி கையைக் கழுவினான்.

ஐம்பத்திரண்டு நாள் அவன் கட்டு மாற்றினான். வேலைக்குப் போவதற்கு முன், பானையில் வெந்நீர் போட்டு இடுக்கியை அவித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்து. முதல் வாரம் அவளுக்கு வலியைவிடக் கூச்சம்தான் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனும் பேச மாட்டான். குழியில் துணி போகும்போது அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் பாதியில் நிறுத்தினான்.

"ஊசி போடற அந்த ஆளு கீறினப்போ நான் வெளியில நின்னுக்கினு இருந்தேன். நீ கத்தினது கேட்டுது. உள்ள வரல."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பறமும் பாக்கல. பாத்தா நான் வராதது ஞாபகம் வரும்னு பாக்கல" என்றான். "உன்னிய வேணாம்னு இல்ல."

"அத இப்பச் சொல்றியே" என்றாள் சாராள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு அலைந்தவள் அவள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கட்டு மட்டும் போட்டுக்கொண்டாள்.

புண் உள்ளிருந்து மேலே ஆறி வந்து மூடியது. முன்பைவிட இன்னும் பள்ளமாக, இன்னும் கோணலாக. எட்டு மாதம் போன பிறகு சாராள் தானாகவே மெட்ராஸ் போய் டாக்டரைப் பார்த்து வந்தாள். அந்த இரண்டாவது வழியை இப்போதும் செய்யலாமா என்று கேட்டாள். செய்யலாம், முன்பு நினைத்த அளவுக்கு வராது என்றாள் டாக்டர்.

தாவீது ஆபரேஷன் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"வேணாம் சாராளு. ஒரு தடவ பட்டது போதாதா? எனக்கு இப்படியே போதும். சத்தியமாச் சொல்றேன்."

"உனக்குப் போதும். நல்லது. எனக்குப் போதல."

"எவனாவது ஏதாவது சொன்னானா?"

"ஒருத்தனும் சொல்லல. குனிஞ்சா ஒரு பக்கம் இழுக்குது. தோளு நோவுது. வெயில் காலத்துல கீழ வெந்து புண்ணாவுது. நடக்கறப்போ ஒரு கைய மாருமேல வச்சிக்கினே நடக்கறேன். நீ பாத்தியா? அந்தக் கை எனக்கு வேணும்."

"அடுத்த கொழந்த?"

"வந்தா பவுடர் பால் குடுப்போம். நர்ஸம்மா கிட்ட கேட்டுட்டேன்."

"அங்க ஏதாவது ஆயிட்டா?"

"ஆச்சின்னா நீ கட்டுப் போடு. தெரியுமில்ல?"

அவன் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

எழுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் அந்த ஆபரேஷன் நடந்தது. நாலு மணி நேரம். பதினாலாம் நாள் தையல் பிரித்த பிறகு டாக்டர் கமலவல்லியே ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

சாராள் வெகுநேரம் பார்த்தாள். இரண்டும் சின்னவை. வலது பக்கம் காம்பைச் சுற்றியும் கீழேயும் சிவந்த தையல் வரி. இடது பக்கம் சதை குறைவு, ஒரு ஓரத்தில் இன்னும் பள்ளம். காம்பு முழுதாக வெளியே வரவில்லை. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"எப்படி இருக்கு?" என்றாள் டாக்டர்.

"நல்லா இல்லீங்க" என்றாள் சாராள். "ஆனா இது நான்தான்னு தெரியுது."

பிறகு வலப்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். "இங்க தொட்டா ஒன்னியும் தெரியல டாக்டரம்மா."

"சொன்னேனே. ஒரு வருஷம் போனா வரலாம். வராமலும் போகலாம்."

சாராள் தலையை ஆட்டினாள். அழுகை வந்தது, அடக்கவில்லை. டாக்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவள் அழுது முடிக்கும் வரை.

அடுத்த வருஷம் பாதி இடத்தில் உணர்ச்சி திரும்பியது. மீதிப் பாதியில் கடைசி வரை வரவில்லை. சாராள் திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூரில் ஒரு செருப்புப் பட்டறையில் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். இந்த முறை தாவீதுதான் அவள் இருக்கிற பக்கம் வேலை தேடிக்கொண்டு வந்தான்.